மேல் தட்டை, அடித் தட்டை

எல்லோரும் நலமா? முழங்கால் வலிக்காரர்கள் படி ஏறுகிறீர்களா, இல்லை இன்னும் படியைப் பார்த்து முறைத்துக்கொண்டுதான் நிற்கிறீர்களா? சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? வெயில் மண்டையைப் பிளக்கிறது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். தண்ணீர் என்றதும் நினைவுக்கு வந்த கதைதான் இது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது சிரிப்புக் கதை இல்லை. நடுவில் ஓரிரண்டு இடத்தில் சிரிப்பு வரலாம். வந்தால் அப்போதே சிரித்துவிடுங்கள், பிறகு வராது.

சருகு அண்ணி என்று ஒருத்தி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. புருஷனுடைய தங்கை, அதாவது அவள் நாத்தனார், ஒரு நாள் கேலியாக அப்படிக் கூப்பிடப் போக, அது ஊர் வாயில் பசை போட்டது போல ஒட்டிக்கொண்டது. நாமும் அண்ணி என்றே வைத்துக்கொள்வோம். அவள் புருஷன் அண்ணன். அவர் அதிகம் பேசமாட்டார், அதனால் அவர் பெயருக்கு அவ்வளவாக வேலையும் இல்லை.

சருகு என்று பெயர் வரக் காரணம் அவளுடைய நிலம். பல வருடங்களாக அந்த நிலத்தில் ஏர் இறங்கவில்லை, டிராக்டர் இறங்கவில்லை. மக்காச்சோளம் அறுத்தால் கதிரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவாள். காய்ந்த தண்டும் தோகையுமான தட்டை முழுவதையும் அங்கேயே மடக்கிப் போட்டுவிடுவாள். அடுத்த விதைப்புக்கு அந்தத் தட்டையை விலக்கி, குச்சியால் குத்தி, குழிக்கு இரண்டு விதை. அவ்வளவுதான். களை வந்தால் கையால் பிடுங்கி அதையும் அங்கேயே போடுவாள். பார்க்கிறவர்களுக்கு அது நிலம் மாதிரியே தெரியாது, யாரோ வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன முற்றம் மாதிரி இருக்கும்.

இது ஏதோ கொள்கையால் ஆரம்பித்தது இல்லை. அண்ணனின் முதுகுவலியால் ஆரம்பித்தது. முதுகில் ஆபரேஷன் செய்து அவர் படுத்திருந்த வருடம், டிராக்டர்காரர் நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி விதைப்புப் பருவத்தையே கடத்திவிட்டார். வேறு வழியில்லாமல் அண்ணி பழைய தட்டைக்கு நடுவிலேயே விதையை ஊன்றினாள். முளைத்தது. அடுத்த வருடமும் அப்படியே செய்தாள். முதல் இரண்டு வருடமும் விளைச்சல் பக்கத்து நிலத்தைவிடக் குறைவுதான், அதை அவளே ஒப்புக்கொள்வாள். ஊர் சிரித்தது. அங்கே மானாவாரி நிலத்துக்குக் காடு என்றுதான் பேர். காட்டுக்கு முடி வெட்டி எவ்வளவு நாளாச்சு, சலூனுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதா என்று டிராக்டர்காரரே கேட்பார். மூன்றாவது வருடம் பக்கத்து நிலத்துக்குச் சமமாக விளைந்ததும் சிரிப்பு நின்றது, சந்தேகம் ஆரம்பித்தது. உழாமல் களை எப்படி அடங்கும்? ராத்திரியில் ஏதோ மருந்து அடிக்கிறாள் என்று பேச்சு. அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நாத்தனார் வீடு அடுத்த வரப்பில்தான். அவள் புருஷன் பால்காரர். ஐந்து கறவை மாடுகள், அவைதான் அவர்களுடைய சோறு. பால்காரர் நிலத்தை வருடத்துக்கு மூன்று தடவை மாவு மாதிரி உழுது வைப்பார். அதைப் பார்த்தால் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் சண்டை என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆனால் ஒருத்தி ஒன்று சொன்னால் மற்றவள் அதைத் திருப்பிப் போட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வாள். குழம்பில் உப்பு குறைவு என்றால் உனக்குச் சமைக்கத் தெரியாது என்று சொன்னதாக அர்த்தம். பல குடும்பங்களில் இருப்பதுதான். மழை பெய்கிற வருடங்களில் இதனால் யாரும் செத்துப்போவதில்லை.

அப்புறம் மழை போனது. முதல் வருடம் ஏமாற்றியது, இரண்டாவது வருடம் அப்படி ஓர் ஊர் இருப்பதையே மறந்துவிட்டது. விதைப்புக் காலத்தில் ஒரே ஒரு தூறல். மக்காச்சோளத்துக்கு அது போதாது என்று, அதை நம்பி எல்லோரும் பயறு விதைத்தார்கள். பால்காரர் நிலத்தில் முளை வந்து, இரண்டு இலை விட்டு, மண் வெடித்த வெடிப்புக்குள் வேர் தெரிய நின்று கருகியது. அண்ணியின் நிலத்தில் பயறு ஒரு சாண் உயரத்துக்கு எழுந்து நின்றது. கொழுத்து நிற்கவில்லை, ஆனாலும் நின்றது. தட்டையை ஒதுக்கிவிட்டு மண்ணில் விரலை விட்டால் இரண்டாவது கணு வரை உள்ளே போகும், வெளியே எடுத்தால் விரல் குளிர்ந்திருக்கும். அண்ணி தினமும் காலையில் விரலை விட்டுப் பார்ப்பாள், பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல. அந்தப் பயறு காய்த்தால் வீட்டுக்கு வருடச் சாப்பாடு. காய்க்காவிட்டால் நகரத்துக்குப் போய் மூட்டை தூக்க வேண்டும். அறுத்த முதுகோடு அண்ணன் என்ன மூட்டை தூக்குவார்?

இப்போது நாத்தனார் வருகிறாள்.

அண்ணி அடுப்படியில் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவாமல் ஈரத்துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த நேரம். தண்ணீர் டிரம்மில் சொம்பு தரை தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. நாத்தனார் உட்காரவில்லை. ஊரில் வைக்கோல் இல்லை, புல் இல்லை, மரத்தில் எட்டுகிற உயரத்தில் இலைகூட இல்லை, மாடு சுவரை நக்குகிறது என்று நின்றபடியே சொல்லி முடித்தாள். அப்புறம் கேட்டாள்.

"உங்க காட்டுல கெடக்குற தட்டைய எடுத்துக்கட்டுமா அண்ணி?"

"அது சும்மா கெடக்கல. போட்டு வச்சிருக்கேன்."

"யாருக்கு?"

"மண்ணுக்கு. அத எடுத்தா நாலு நாள்ல ஈரம் போயிடும், பயறு போயிடும்."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தன் முன்னால் இருந்த சோற்றுத் தட்டைப் பார்த்தார். தட்டில் ஒன்றும் இல்லை.

"உங்க மண்ணுக்குப் போர்வை வேணும். என் மாட்டுக்கு வாய்ல ஒரு பிடி இல்ல. நல்லா இருக்கு அண்ணி," என்று சொல்லிவிட்டு நாத்தனார் போய்விட்டாள்.

அன்றைக்கு அண்ணன் வீட்டில் பேசவே இல்லை. வழக்கமாகவே பேசமாட்டார்தான், ஆனால் பேசாமல் இருப்பதிலும் வகை உண்டு. அது அண்ணிக்குத் தெரியும்.

அவள் மனசு மாறியது பேச்சால் இல்லை. பால்காரரின் முற்றத்தில் ஒரு மாட்டைத் தூக்கி நிறுத்துவதைப் பார்த்ததால். வயிற்றுக்கு அடியில் சாக்கைக் கொடுத்து, இரண்டு பக்கமும் கயிறு போட்டு, கொட்டகை உத்தரத்தில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாடு எழுந்தது, நின்றது, கயிற்றைத் தளர்த்தியதும் மெதுவாக, யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்பது போல மறுபடி படுத்துக்கொண்டது. நாத்தனார் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு யாரையும் திட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் யாரையும் திட்டாமல் இருந்து அண்ணி பார்த்ததே கிடையாது.

"கிழக்கு ஓரத்து நெலப் பட்டையில எடுத்துக்கோ," என்றாள் அண்ணி. "ஆனா மேலாப்புல காஞ்சது மட்டும். அடியில இருக்குறதத் தொடாதே."

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் முதலில் வந்தது நன்றிதான், அதை அண்ணி பார்த்தாள். பின்னாலேயே வந்த இன்னொன்று நன்றியைத் தள்ளிவிட்டது.

"அளந்து குடுக்குறீங்களாக்கும்," என்றாள்.

அண்ணி அதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். அடித் தட்டை என்றால் என்ன, அது எப்படி இருக்கும், ஏன் தொடக்கூடாது என்று நாலு வார்த்தை. ஆனால் கொடுத்த கையை இப்படித் தட்டிவிட்டாளே என்ற எரிச்சலில் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

மறுநாள் தட்டை அள்ளும்போது கூட நின்றிருக்கவாவது வேண்டும். கிளம்பத்தான் செய்தாள். அண்ணன்தான் தடுத்தார். அவளே வாய்விட்டுக் கேட்டு வாங்குறா, நாம போய்ப் பக்கத்துல நின்னு காவல் காத்தா நல்லாவா இருக்கும் என்றார். நல்லா இருக்காதுதான். அண்ணி வீட்டிலேயே இருந்து, ஏற்கனவே துடைத்த தட்டுகளை மறுபடி துடைத்தாள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தபோது கிழக்கு ஓரத்துப் பட்டை மொட்டையாகக் கிடந்தது. இரும்புப் பல் வைத்த வாரியால் மண் வரைக்கும் வாரியிருந்தார்கள். வாரியின் பற்கள் மண்ணில் போட்ட கோடுகள் சீப்பு வாரியது போலத் தெரிந்தன. கறுத்து மக்கிய தூள்கூட மிச்சமில்லை. நடுநடுவே பயறுச் செடிகள் துணி உருவப்பட்டவர்கள் மாதிரி நின்றன. கேட்டே விடுவது என்று அண்ணி கிளம்பினாள். நாத்தனார் வீட்டு வாசல் வரை போனாள். கொட்டகையில் ஐந்து மாடும் மென்றுகொண்டிருந்தன. அந்தச் சத்தம், பசித்த மாடு மெல்லுகிற சத்தம், அவளை வாசலிலேயே நிறுத்தியது. சரி போ என்று திரும்பிவிட்டாள்.

மிச்சத் தட்டையை நாத்தனார் கொட்டகைக்குப் பின்னால் குவித்து, நீலத் தார்ப்பாயைப் போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்து மூடியிருந்தாள். தீவனத் திருட்டு பெருகியிருந்த காலம். தங்கச் சங்கிலி வெளியே கிடந்தால் பத்திரமாக இருக்கும், வைக்கோல் வெளியே கிடந்தால் காலையில் இருக்காது. மேலே காய்ந்ததும் அடியில் ஈரமாக இருந்ததும் ஒன்றாகக் கலந்து, தார்ப்பாய்க்குள் வெயிலில் வெந்தது.

பட்டையில் பயறு முதலில் மத்தியானத்தில் மட்டும் தலையைத் தொங்கப் போட்டது. அப்புறம் சாயங்காலமும் நிமிரவில்லை. மேல்மண் ஓடு கட்டியது. விரலை விட்டால் நகம்தான் உடையும். நாலடி தள்ளி, தட்டை மூடிய இடத்தில், அதே விதை அதே நாளில் ஊன்றியது பூ விட ஆரம்பித்திருந்தது. பார்க்கிற யாருக்கும் அது புரிந்திருக்கும். ஆனால் அந்த வாரம் ஊரில் யாருக்கும் அடுத்தவர் நிலத்தைப் பார்க்கத் தெம்பு இல்லை.

அப்புறம் மாடுகளுக்கு வந்தது.

முதலில் ஒரு மாடு நடக்கும்போது பின்னங்கால்களைத் தூக்கித் தூக்கி வைத்தது, தெரியாத இடத்தில் இருட்டில் படி இறங்குகிறவரைப் போல. பால்காரர் அதைப் பார்த்துச் சிரித்தாராம், குடித்துவிட்டாயா என்று கேட்டாராம். மறுநாள் அது நடுங்கியது, வாயில் நூல் நூலாக எச்சில் வடிந்தது. இரண்டாவது மாடு தீவனத் தொட்டியில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. மாட்டு டாக்டர் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்துக்கொண்டிருந்த வேறு பக்கத்தில் இருந்தார். போனில்தான் பேச முடிந்தது. பால்காரர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் முதலில் ஒரு கேள்வி கேட்டார்: என்ன தின்றது? தட்டை என்றார் பால்காரர். எங்கிருந்து வந்த தட்டை, மருந்து அடித்த காட்டிலிருந்தா என்றார் டாக்டர்.

அவர் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது, முற்றத்தில் நாலு பேர் நின்றார்கள். பால்காரர் திரும்பி வரப்புக்கு அந்தப் பக்கம் பச்சையாக நிற்கும் பயறைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்பது சாயங்காலத்துக்குள் அண்ணியின் காதுக்கும் வந்துவிட்டது.

மூன்று மாடுகள் செத்தன. இரண்டு பிழைத்தன, பால் வற்றிப் போய்.

டாக்டர் சொன்னது ஒன்றுதான்: தோல் உரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்க வேண்டும், அதுவும் உடனே. பால்காரர் தன் நிலத்தில் கடப்பாரையைப் போட்டார். மேலே ஒரு சாண் புழுதி, அதற்குக் கீழே கல். கல் இல்லை, மண்தான். வருடா வருடம் டிராக்டர் ஏறி இறங்கி அமுக்கி வைத்த மண். கடப்பாரை பட்ட இடத்தில் பொறி மாதிரி தூசி கிளம்பியதே தவிர, வேறு எதுவும் நடக்கவில்லை. மண் தோண்டும் இயந்திரங்கள் எல்லாம் கிணறு ஆழப்படுத்த எங்கெங்கோ போயிருந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாடுகளின் வயிறு உப்ப ஆரம்பித்திருந்தது.

நாத்தனார் அண்ணி வீட்டு வாசலில் வந்து நின்றாள். அண்ணி எதிரே நின்றாள். ஆனால் நாத்தனார் அண்ணியைத் தாண்டி, உள்ளே இருந்த தன் அண்ணனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"குழி வெட்ட எடம் வேணும்ணா. எங்க காட்டுல எறங்கல."

அண்ணன் எழுந்து மண்வெட்டியை எடுத்தார். கிழக்கு ஓரத்துப் பட்டையில் பயறு எப்படியும் போய்விட்டது, அங்கேயே வெட்டலாம் என்று போனார்கள். அங்கேயும் இறங்கவில்லை. போர்வை போன சில நாட்களுக்குள் அதுவும் ஓடாகியிருந்தது. உடைத்து உள்ளே போகலாம், ஆனால் அண்ணன் முதுகுக்கும் பால்காரர் உடம்புக்கும் அதற்கு ஒரு நாள் முழுவதும் ஆகும். மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்காமல் நிற்பதுதான் கேட்பது.

அண்ணி பட்டையைத் தாண்டி, தட்டை மூடிய இடத்துக்குப் போனாள். குனிந்து பூ விட்ட பயறைப் பிடுங்க ஆரம்பித்தாள். மூன்று மாட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு. வேர் சுலபமாக வந்தது, ஈர மண்ணோடு வந்தது. பிடுங்கியதை வரிசையாக வைத்தாள், ஏனென்று தெரியவில்லை, கை அப்படிப் பழகியிருந்தது. பிறகு தட்டையை ஒதுக்கிவிட்டு, இங்க வெட்டுங்க என்றாள்.

மண்வெட்டி இறங்கியது. முதல் வெட்டிலேயே அதன் தகடு முழுவதும் மண்ணுக்குள் போனது. பால்காரர் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு மறுபடி வெட்டினார். முழங்கால் ஆழத்தில் மண்புழுக்கள் போன துளைகள், இடுப்பு ஆழத்தில் பழைய மக்காச்சோளத்தின் மக்கிய வேர்கள், அதைத் தடம் பிடித்து இறங்கியிருந்த புது வேர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஈர வாசனை மேலே வந்தது. இரண்டு வருடமாக அந்த ஊர் முகராத வாசனை. செத்த மாட்டுக்குக் குழி வெட்டும்போதா அது வர வேண்டும்?

குழி ஆழமானதும் ஆண்கள் இருவரும் டிராக்டர்காரரைக் கூட்டிக்கொண்டு மாடுகளை இழுத்துவரப் போனார்கள். குழியோரத்தில் பெண்கள் இருவர் மட்டும். நாத்தனார் ஒதுக்கி வைத்த தட்டைக் குவியலில் உட்கார்ந்தாள். எழுந்தாள். குவியலின் அடியிலிருந்து ஒரு கொத்தை எடுத்துப் பார்த்தாள். கறுத்து, ஈரமாக, அதில் சிலந்தி நூல் போல வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"தார்ப்பாய்க்குள்ள இதுதான் பூரா," என்றாள். "வெள்ளையா, சூடா. காஞ்சதத் தேடி எடுத்துப் போட நேரமில்ல. அப்படியே போட்டேன். இது என்ன அண்ணி?"

"பூசணம். அடியில எப்பவும் இருக்கும். அதுதான் தட்டைய மக்க வைக்குது."

"மாடு தின்னா?"

அண்ணி குழியைப் பார்த்தாள். ஆகாது என்று சொன்னால் தன் பெயர் வெள்ளையாகும், இவள் பெயர் கறுக்கும். தெரியாது என்று சொன்னால் அது பொய்.

"ஆகாது," என்றாள்.

நாத்தனார் கையிலிருந்த கொத்தை விரலால் பிரித்துப் பார்த்தாள்.

"நீங்க சொன்னீங்க. அடியத் தொடாதேன்னு சொன்னீங்க. கஞ்சத்தனம்னு நெனச்சேன்."

"மண்ணுக்காகத்தான் சொன்னேன்," என்றாள் அண்ணி. "மாட்டுக்காகச் சொல்லல. மாட்ட நான் நெனக்கவே இல்ல."

அது உண்மை. அவள் மண்ணை மட்டும்தான் நினைத்தாள். அதனால்தான், நான் சொன்னேனே என்று நெஞ்சைத் தட்டிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

டிராக்டர் சத்தம் கேட்டது. நாத்தனார் கையிலிருந்ததைக் குழிக்குள் போட்டாள். எட்டிப் போட்டாள், யாரோ பார்த்துவிடுவார்களோ என்பது போல.

மாடுகளை இறக்கினார்கள். அது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. எல்லாம் முடிந்து மண்ணைத் தள்ளுமுன், பால்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அண்ணன் முன்னால் வந்து நின்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது, பிடித்துக்கொள்ள.

"மச்சான், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உண்மையச் சொல்லுங்க. மருந்து அடிச்சீங்களா, இல்லையா?"

அண்ணன் இல்லை என்று தலையாட்டினார். பேசாத மனிதரின் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு? பால்காரர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். இப்போது சொல்வாள், இதோ சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தாள். நாத்தனார் குனிந்து, குழிக்குள் கிடந்த கயிற்றின் முனையை இழுத்துச் சுருட்டினாள். சுருட்டிக்கொண்டே இருந்தாள். அந்தக் கயிற்றுக்கு அவ்வளவு நீளம் கிடையாது.

"அடிக்கல தம்பி," என்றாள் அண்ணி. "மண்ணத் தள்ளுங்க, நேரமாகுது."

அவர் நம்பவில்லை. நம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பேச்சு ஊரெல்லாம் போனது. மழை இல்லாத ஊரில் பேச்சுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. மருந்து அடித்த தட்டையை நாத்தனாருக்குக் கொடுத்து மாட்டைக் கொன்றவள் என்றார்கள். தெரியாமல் கொடுத்தாள் என்று சிலர், தெரிந்தே கொடுத்தாள் என்று சிலர். ஊரே கருகிக் கிடக்கும்போது அவள் காடு மட்டும் பச்சையாக இருந்ததே, அதுவே சாட்சி என்றார்கள். அண்ணி கடைக்குப் போனால் பேச்சு நிற்கும், அவள் வெளியே வந்ததும் தொடரும். பயறு காய்த்தது, அறுத்தாள். நல்ல வருடத்தில் பாதிகூட இல்லை, ஆனால் அந்த வருடம் ஊரில் அறுத்த ஒரே காடு அதுதான். வீட்டுக்குப் போக மிஞ்சியதை ஒருவரும் வாங்கவில்லை. பசியோடு இருந்தவர்கள்கூட வாங்கவில்லை. சும்மா கொடுத்ததையும் ஒரு வீட்டில் வாசலில் கொட்டிவிட்டார்கள்.

நடந்ததை அண்ணி புருஷனிடம் முழுவதும் சொன்னாள். பூசணம், தார்ப்பாய், குழியோரப் பேச்சு, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டார். அப்புறம் வாழ்நாளிலேயே நீளமான பேச்சு ஒன்று பேசினார்.

"அவ புருஷன்கிட்ட நான் போய் இதச் சொல்லணுமா? உன் பொண்டாட்டிதான் உன் மாட்டக் கொன்னான்னு? ரெண்டு பேரும் ஒண்ணா இருக்குறதே பொழச்ச அந்த ரெண்டு மாட்டாலதான். என் தங்கச்சியக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?"

"அப்ப நான்?"

"உழுதுடலாம்," என்றார் அண்ணன். "தட்டையெல்லாம் மண்ணுக்குள்ள போயிடும். எல்லார் காடு மாதிரியும் ஆயிடும். பேச்சு நின்னுடும்."

அண்ணி கெஞ்சினாளா என்றால், கெஞ்சினாள். மண்ணை உழுதால் இத்தனை வருடம் சேர்ந்தது ஒரே நாளில் போய்விடும், அடுத்த மழை வரும்வரை தாங்காது, நாமும் மூட்டை தூக்கப் போகவேண்டும் என்றாள். போகலாம் என்றார் அவர். அங்கே யாருக்கும் நம்மைத் தெரியாது என்றார். அவருக்கு அது ஓர் ஆறுதலாகவே இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

டிராக்டர்காரர் இந்தத் தடவை நாளைக்கு என்று சொல்லவில்லை, உடனே வந்தார். அந்தப் பருவத்தில் ஊரில் உழுகிற பதத்தில் இருந்த ஒரே மண் அதுதான். மற்ற நிலங்களில் கலப்பையின் கொழு இறங்கியிருக்காது. இங்கே வெண்ணெயில் கத்தி போனது போலப் போனது. முதல் உழவுச் சால் புரண்டபோது மண் கறுப்பாக மினுங்கியது, மண்புழுக்கள் வெளிச்சத்தில் நெளிந்தன, எங்கிருந்தோ பறவைகள் வந்து டிராக்டருக்குப் பின்னாலேயே இறங்கின. டிராக்டர்காரர் வண்டியை நிறுத்தி, ஒரு கட்டியை எடுத்துக் கையில் உடைத்துப் பார்த்தார். முடி வெட்டுகிற கேலியை அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. மறுபடி ஏறி ஓட்டினார், கூலிக்கு வந்தவர் வேறு என்ன செய்வார்? வெயில் உச்சிக்கு வருவதற்குள் முதல் சால் வெளுத்துவிட்டது. கறுப்பு பழுப்பாகி, பழுப்பு சாம்பலானது. காற்று அடித்தபோது அதிலிருந்து தூசி கிளம்பியது.

நாத்தனார் வரப்பில் வந்து அண்ணிக்குப் பக்கத்தில் நின்றாள். கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

"நான் சொல்லிடட்டுமா அண்ணி? அவர்கிட்ட?"

அண்ணி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நேத்து சொல்லியிருந்தா மண்ணு தப்பிச்சிருக்கும். இப்ப சொன்னா நீயும் மாட்டிக்குவ, அவ்வளவுதான். போ, மாட்டுக்குத் தண்ணி காட்டு."

நாத்தனார் போகவில்லை. அழவும் இல்லை. இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். குழி வெட்டிய இடத்துக்கு வந்ததும் டிராக்டர்காரர் வளைத்து ஓட்டினார், மண் இன்னும் பொதபொதவென்று இருந்தது, சக்கரம் உள்ளே போய்விடும் என்று பயந்தார். அதனால் அந்த இடம் மட்டும் உழாமல் மேடாக நின்றது.

வண்டி போனபிறகு அண்ணி இறங்கினாள். வரப்போரத்தில் கொழுவுக்குத் தப்பிய தட்டை கொஞ்சம் சிதறிக் கிடந்தது. அதைப் பொறுக்கி, அந்த மேட்டின் மேல் பரப்பினாள். மேடு வெயிலில் வெடித்தால் வாடைக்கு நாய் வரும், அதற்குத்தான். கொஞ்ச நேரத்தில் நாத்தனாரும் இறங்கி வந்து பொறுக்கினாள். ஆளுக்கு ஒரு பக்கமாகப் போட்டார்கள். மேட்டின் பாதிக்குத்தான் தட்டை இருந்தது. மிச்சப் பாதியை அப்படியே விட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

மனசைக் கனக்க வைத்துவிட்டேன், தெரியும். உங்கள் குடும்பத்தில் அக்கறையோடு சொன்ன ஒரு வார்த்தை கஞ்சத்தனமாகக் காதில் விழுந்தது உண்டா? சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை யாரோ ஒருவர் கயிறு சுருட்டிக்கொண்டே விழுங்கியது உண்டா? உங்கள் மண்ணை உழுகிறீர்களா, மூடி வைக்கிறீர்களா, பஞ்சத்தில் தட்டை மாட்டுக்கா மண்ணுக்கா என்று எப்படி முடிவு செய்தீர்கள்? கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழை வந்தால் பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எல்லாவற்றையும் உட்கார்ந்து படிக்கிறேன்.